அப்பா கேட்காத படங்கள்

என் அப்பா பிச்சமுத்துவின் உலகத்துக்கு வடக்கு எல்லை கொள்ளிடம். வருஷத்துக்கு ஒரு தடவை, வைகுண்ட ஏகாதசிக்கு, எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே போவார். பெருமாளைக் கும்பிட்டுவிட்டுக் கொள்ளிடக் கரை வரை போய் நின்று, அக்கரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். தெற்கே மணப்பாறை மாட்டுச் சந்தை வரைக்கும் போனதுண்டு. கிழக்கே துவாக்குடி. மேற்கே அவருக்கு எந்த வேலையும் இருந்ததில்லை.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு எகிப்து தேசத்தில் வெங்காயம் எந்த மாதம் நடுகிறார்கள் என்று தெரியும் என்றால் யார் நம்புவார்கள்? சத்தியமாகத் தெரியும். எங்கள் தெருவில் அதைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் நின்று கேட்டிருக்கிறார்கள். அதற்கெல்லாம் காரணம் அவர் மகள் ரெங்கம்மாள், நான்தான். என் வாய் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு, கிணற்றில் தண்ணீர் இறைக்க ஓர் ஏத்தம். எழுத்து என்றால் கையெழுத்து மட்டும். அதையும் போடுவதற்கு ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகும். பேனாவைக் களைக்கொத்துப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, 'பி'யின் வளைவை முடித்துவிட்டு மூச்சு வாங்குவார். அம்மா எனக்கு எட்டு வயதிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பாவின் அக்கா வீராயி அத்தைதான் எங்களோடு வந்திருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நான் நாலாம் வகுப்பு வந்ததிலிருந்து அப்பாவுடைய கடிதங்களுக்கெல்லாம் நானே கை.

கடிதம் எழுதுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். கிணற்று மேட்டில் குந்திக்கொள்வார். எதிரே நான் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு வாக்கியம் சொல்வார், பேனா நிற்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார், "போட்டியா?" என்று கேட்பார். போட்டேன் என்றால்தான் அடுத்த வாக்கியம். முடிந்ததும் "படி" என்பார். முழுசாகப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. கலெக்டர் ஆபீஸில்கூட இவ்வளவு நடைமுறை இருந்திருக்காது.

1959 சித்திரையில் துவாக்குடி நல்லுசாமி என்னைப் பெண் பார்க்க வந்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவர். தாய் தகப்பன் கிடையாது. சித்தப்பா வளர்த்த பிள்ளை. எனக்குப் பத்தொன்பது வயது. டவுனில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வந்தவர் காபியைக் குடித்தார், எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. புறப்படும்போது அப்பாவிடம், "படிப்பை மட்டும் நிறுத்திடாதீங்க மாமா. அவங்க வேலைக்குப் போகட்டும், நான் ஊர் ஊரா அலையறவன்," என்றார். உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அந்த ஒரு பேச்சே போதுமாயிருந்தது. ஆள் மூஞ்சி சுமார்தான். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

பூ வைத்தார்கள். கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் முன்னால் அவருடைய சித்தப்பா காலமாகிவிட்டார். அந்தத் துக்கம் கழிவதற்குள் அவருக்குக் கடல் தாண்டி உத்தரவு வந்துவிட்டது. எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் நடுவே மறுபடி சண்டை மூளாமல் காவல் இருக்க ஐ.நா. சபை ஒரு படையை நிறுத்தியிருந்தது. அதில் நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். காஸா என்ற ஊரில் முகாம். அவர்களுக்கு அரிசி பருப்பு ஏற்றிப் போகும் லாரிகளில் ஒன்று இவருடையது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் திரும்பி வர.

எங்கள் வீட்டில் நாள் குறிக்குமுன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் குலதெய்வம் கருப்பு கோயிலில் சேர்த்து நிறுத்தித் தேங்காய் உடைக்க வேண்டும். உடைத்த பிறகுதான் பேச்சு உறுதி. கடல் தாண்டிப் போனவரை எப்படிக் கொண்டுவந்து நிறுத்துவது? வீராயி அத்தையே ஒரு வழி சொன்னாள். படத்தை வைத்துச் செய்யலாம், கருப்புக்கு ஆள் அடையாளம் தெரிந்தால் போதும் என்றாள். மாப்பிள்ளை தன் போட்டோ ஒன்றை அனுப்பவும் என்று அப்பா சொல்ல, நான் எழுதினேன்.

மறு வருஷம் ஆனி மாதம் படம் வந்தது.

வேறு யாராயிருந்தாலும் ஸ்டூடியோவில் போய், பூந்தொட்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று எடுத்து அனுப்பியிருப்பார்கள். இவர் அங்கே பழைய பெட்டிக் கேமரா ஒன்றை வாங்கியிருந்தார். லீவில் கெய்ரோவுக்குப் போனபோது கூட்டாளி கையில் கேமராவைக் கொடுத்து, ஒட்டகத்தின் மேல் ஏறி உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படத்தை அனுப்பிவிட்டார். தலையில் படைத் தொப்பி, முகத்தில் பயம். ஒட்டகம் மட்டும்தான் தைரியமாக இருந்தது. பின்னால் வானத்தை முட்டிக்கொண்டு பிரமிடு.

தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. படத்தை மணையில் சாய்த்து வைத்து, பொட்டு வைக்கக் குங்குமச் சிமிழைக் கையில் எடுத்துவிட்டாள். அப்போது எதிர்வீட்டுக் காத்தமுத்து மாமா, பின்னால் தெரிகிற மலை எந்த மலை, நம் மலைக்கோட்டை மாதிரி உச்சியில் கோயில் இருக்கிறதா என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டதுதான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

தவளை தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. பயிற்சிப் பள்ளியில் அந்த வாரம்தான் எகிப்துப் பாடம் நடந்திருந்தது. எனக்கு எதிரே இருபது பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். விடுவேனா? அது மலையில்லை, ராஜாவின் சமாதி என்றேன். நாலாயிரத்துச் சொச்சம் வருஷம் பழசு என்றேன். அதோடு நின்றேனா? ராஜா செத்ததும் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, உப்பில் போட்டு வற்ற வைத்து, துணி சுற்றி உள்ளே வைப்பார்கள் என்று கையால் செய்து காட்டி வேறு விளக்கினேன். மூக்கு வழியாக மூளையை எடுப்பதைச் சொல்லும்போதுதான் அத்தையைப் பார்த்தேன். குங்குமம் தொட்ட விரலை அவள் சிமிழிலேயே துடைத்துவிட்டிருந்தாள்.

"பொணம் காக்குற எடத்துல குந்தியிருக்கிறவனையா கருப்பு முன்னாடி வைக்கச் சொல்றீங்க?" என்றாள் அத்தை. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். போன வருஷம் பேரனுக்குக் காய்ச்சல் என்று நத்தர்ஷா பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்களே, அதுவும் ஒருத்தர் அடங்கிய இடம்தானே என்று கேட்டேன். அது அவுலியா, கேட்டதைக் கொடுக்கிறவர், இவன் எந்த ஊர்ப் பேயோ என்றாள் அத்தை. அப்பா படத்தை எடுத்துத் தகர டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

ஒரு வாரத்துக்குள் அத்தை வேறு இடம் கொண்டுவந்தாள். தென்னூரில் அரிசி மில் வைத்திருந்த அழகர்சாமி. முப்பத்தெட்டு வயது, முதல் சம்சாரம் தவறி ஆறு மாதம். ஆறு மாதத்துக்கு முன் அவர் வீட்டுக் கூடத்திலேயே பிணம் கிடந்தது தீட்டில்லையாம்; நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின பிணம்தான் தீட்டாம். பெண் வேலைக்கெல்லாம் போகத் தேவையில்லை, புழுங்கல் நெல் காய்வதைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லியனுப்பியிருந்தார். இரண்டு வருஷப் படிப்பும், நான் நின்று பாடம் நடத்தப்போகும் வகுப்பும், எல்லாம் அந்த நெற்களத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதற்கா?

அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் கிணற்று மேட்டில் குந்திக்கொண்டு பேப்பர் எடுத்து வரச் சொன்னார். குரல் எப்போதும்போல் இருந்தது. சொல்ல ஆரம்பித்தார். படம் கிடைத்தது. சுகம். வீட்டில் பெரியவர்கள் யோசித்ததில் மனசு ஒப்பவில்லை. தம்பி தப்பாக நினைக்கக் கூடாது. வேறு நல்ல இடம் பார்த்துக்கொள்ளவும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "போட்டியா?" என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் போட்டேன் என்றேன்.

நான் போட்டது வேறு.

'படம் கிடைத்தது, சுகம்' வரைக்கும் அப்பா சொன்னதுதான். அதற்கு மேல் என் கை ஓடவில்லை. என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. நிமிர்ந்தால் எதிரே ஏத்தம் நின்றது. அப்பாவின் மனசை என்னால் மாற்ற முடியாது, தெய்வத்தாலும் முடியாது. கிணறும் மாடும் சொன்னால் கேட்பார் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. 'அந்த நாட்டில் வெள்ளாமை எப்படி? தண்ணீர் எதில் இறைக்கிறார்கள்? ஏத்தம் உண்டா? மாடு எப்படி? சமாதிகள் வேண்டாம். வயலையும் கிணற்றையும் படம் எடுத்து அனுப்பவும். தாங்களும் அதில் நின்றால் நல்லது' என்று எழுதினேன்.

"படி" என்றார் அப்பா.

காகிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவர் சொன்ன வாக்கியங்களை ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். இவ்வளவு வருஷம் அவருக்குக் கையாக இருந்துவிட்டு, அன்றைக்கு அவர் கண்ணைக் கட்டினேன். அந்தப் பாவம் எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. கேட்டுவிட்டு என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"நான் சொன்னதுக்கு மேல நீளமா இருக்கிற மாதிரி இருக்கே, ஆயி?"

மரியாதைக்கு இரண்டு வரி சேர்த்திருக்கிறேன் என்றேன். அப்பா பேனாவை வாங்கி, 'பி'யில் தொடங்கி, மூச்சு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக என் பொய்க்குக் கீழே தன் பேரைப் போட்டார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். ஒரு பொய் சொன்ன எனக்கே அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

நடுவில் ஆடி வந்ததால் தப்பித்தேன். ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். ஆவணி பிறந்த அன்றைக்கே அத்தை அழகர்சாமி வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தாள். அப்பா, அந்தத் தம்பி பதில் போடட்டும், வைத்த பூவுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்றார். வேண்டாம் என்று நாம் எழுதிப்போட்டவனிடமிருந்து என்ன பதில் வரப்போகிறது என்று அத்தை முணுமுணுத்தாள். அது நியாயமான கேள்விதான். பதில் வரும் என்று எனக்குத் தெரியும். வந்தால் என் குட்டு உடையும் என்பதும் தெரியும். தபால்காரர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே முந்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன்.

கடிதம் போட்ட நாற்பத்தோராவது நாள் பதில் வந்தது. கனமான உறை. என் நேரம், நான் பயிற்சிப் பள்ளியிலிருந்து திரும்பும்போது அப்பாவும் அத்தையும் வாசலில் உட்கார்ந்து அதைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து படங்கள். அப்பா ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். ஒட்டகத்தையும் எருமையையும் ஒரே கலப்பையில் பூட்டி ஒருத்தன் உழுகிறான். வாய்க்கால் கரையில் பேரீச்ச மரம். வெங்காயத்தைக் கட்டுக் கட்டாகத் தலையில் தூக்கிப் போகும் பெண்கள். நைல் நதி. ஐந்தாவது படத்தில் அப்பாவின் கை நின்றுவிட்டது.

வாய்க்கால் ஓரத்தில் ஓர் ஏத்தம். நம் ஏத்தமேதான். நடுவே துலா மரம், ஒரு முனையில் தண்ணீர் மொள்ளத் தோல் சால், மறு முனையில் பாரத்துக்குப் பெரிய மண்ணுருண்டை. நீள அங்கி போட்ட அந்த ஊர்க் குடியானவர் ஒதுங்கி நின்று சிரிக்கிறார். கோலைப் பிடித்துத் தண்ணீர் இறைப்பவர் நல்லுசாமி. பட்டாளத்துக் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, சேற்றில் கால் புதைய நிற்கிறார். இந்தப் படத்தில் முகத்தில் பயம் இல்லை.

"வேணாம்னு எழுதினதுக்கு எதுக்கு இத்தனை படம் அனுப்பியிருக்கான்?" என்றாள் அத்தை. அப்பா தலையைத் தூக்காமல் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

முதல் வரியிலேயே என் தலையெழுத்து இருந்தது. 'மாமா கேட்டிருந்தபடி ஏத்தத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.' அதை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவ எனக்கு ஒரு நொடி போதும். அந்த வித்தையில் எனக்குத்தான் ஏற்கெனவே பழக்கம் இருந்ததே. ஆனால் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை அவர் கண்ணைக் கட்ட எனக்கு மனசு வரவில்லை. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தேன்.

'மாமா கேட்டிருந்தபடி ஏத்தத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். சரக்கு ஏற்ற நைல் கரைப் பக்கம் போனபோது எடுத்தது. இங்கே இதற்கு ஷாதூஃப் என்று பேர். துலா மேல் ஏறி நடக்க ஆள் கிடையாது, கையாலேயே இழுக்கிறார்கள். எங்கள் ஊரிலும் இது உண்டு என்றேன், அந்தப் பெரியவர் நம்பவில்லை. இறைத்துக் காட்டினேன். அப்புறம் ரொட்டியும் வெங்காயமும் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார். நைல் நதி ரொம்பப் பெரிசு என்கிறார்கள். நம் காவிரியையும் கொள்ளிடத்தையும் சேர்த்துப் பார்த்தவனுக்கு அப்படித் தோன்றவில்லை. சமாதி முன்னால் நின்றது என் புத்திக்குறைவு. மன்னிக்கவும்.'

"மாமா கேட்டிருந்தபடியா?" அத்தை எழுந்து நின்றுவிட்டாள். "யாரு கேட்டது?"

அத்தை என்னைப் பார்த்தாள், கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் விளங்க ஆரம்பித்துவிட்டது.

"நான்தான் கேட்டேன்," என்றார் அப்பா.

"நீயா?"

"நான்தான்க்கா கேட்டு எழுதச் சொன்னேன். கையெழுத்து போட்டிருக்கேன்ல?"

அப்படிச் சொல்லிவிட்டுப் படத்தை அத்தையிடம் நீட்டினார். அந்தக் காலைப் பாருக்கா என்றார். முன்கால் மேட்டில், பின்கால் சரிவில். இறைத்துப் பழகாதவன் இரண்டு காலையும் ஒன்றாக வைத்து வழுக்கி விழுவான் என்றார். வேஷத்துக்கு நின்று எடுத்த படமில்லை இது, சால் நிறையத் தண்ணீர் வருகிறது பார் என்றார். அப்பா சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசி அதுவரை நான் கேட்டதில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

அத்தை படத்தை வெகுநேரம் வைத்திருந்தாள். அவளும் பத்து வயதிலிருந்து வாய்க்காலில் மடை திருப்பியவள்தானே. தண்ணீர் இறைக்கிற கையைக் கருப்பு வேண்டாம் என்று சொல்லாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்து, நல்லுசாமி நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். விரல் பெரிசு, படம் சின்னது. பாதி முகம் மறைந்துவிட்டது. அந்தப் படத்தை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் பொட்டின் கறை அப்படியே இருக்கிறது. என் வீட்டுக்காரரைக் கேலி செய்ய எனக்கு அது ஒன்று போதும்.

வெள்ளிக்கிழமை கருப்பு கோயிலில் படத்தை என் பக்கத்தில் மணையில் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். அழகர்சாமி வீட்டுக்கு அத்தையே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் அப்பா கிணற்று மேட்டில் குந்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பேப்பரும் பலகையுமாகப் போய் உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டார். படங்கள் கிடைத்தன. தேங்காய் உடைத்தாயிற்று. தை மாதம் நாள் பார்க்கிறோம், லீவு சொல்லிக்கொண்டு வரவும். ரெங்கம்மாள் பரீட்சைக்குப் படிக்கிறாள். அந்த ஊரில் வெங்காயம் எந்த மாதம் நடுகிறார்கள், நாற்று விட்டா, காய் ஊன்றியா என்று விவரம் எழுதவும்.

ஒவ்வொன்றுக்கும் "போட்டியா?" என்று கேட்டார். ஒவ்வொன்றையும் போட்டேன். பிறகு "படி" என்றார். எழுத்து எழுத்தாகப் படித்தேன். பேனாவை வாங்கிக் களைக்கொத்து மாதிரி பிடித்துக்கொண்டு, காகிதத்தின் மேல் குனிந்தார்.

"இந்தத் தடவை நான் சொன்னதுதானே எழுதியிருக்க?"

கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் வரை காத்திராமல், 'பி'யின் வளைவைப் போட ஆரம்பித்தார்.